முழங்கை வலிக்கு எண்ணெய் போட்டு நீவுவதா, எண்ணெய் இல்லாமல் தேய்ப்பதா?

தறிக்காரர்மகன், இளம்பிள்ளை:
அப்பா குழித்தறியில் பட்டுச்சேலை நெய்கிறவர். ஊடை நூலைக் கொண்டுபோகிற நாடாவை ஓட்ட, கயிற்றை இழுக்கிற வலது கையில், முழங்கைக்கு வெளிப்பக்கம் வலி. தண்ணீர்ச் சொம்பைத் தூக்கினால்கூட முகம் சுளிக்கிறார், ஈரத்துண்டைப் பிழிய முடியவில்லை. எங்கள் ஊரில் சுளுக்கு வழிக்கிற பெரியவர் ஒருவர் நல்லெண்ணெயைச் சூடாக்கி மணிக்கட்டிலிருந்து தோள் வரை நீவி விட்டார். அன்றைக்கு அப்பாவுக்கு நல்ல தூக்கம். ஆனால் தறியில் உட்கார்ந்ததும் அதே இடத்தில் வலி. சரி என்று டவுனில் ஒரு பிசியோதெரபி கிளினிக்குக் கூட்டிப்போனேன். அங்கே எண்ணெயே தொடவில்லை. கட்டைவிரலை எலும்பு முனையில் வைத்துப் பரபரவென்று தேய்த்தார்கள், அப்பா கத்திவிட்டார். தோல் சிவந்து எரிகிறது, இனி அந்தப் பக்கமே வரமாட்டேன் என்கிறார். நீவினால் சுகம் ஆனால் நிற்கவில்லை, தேய்த்தால் உயிர் போகிறது. இரண்டும் மசாஜ்தானே, ஏன் இவ்வளவு வித்தியாசம்? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

சேகோமில்:
எல்லாமே மனசுதான் தம்பி. ஒரு வலி மாத்திரை, ஒரு வாரம் ரெஸ்ட், முடிந்தது.

தறிக்காரர்மகன்:
ஒரு வாரம் தறி நின்றால் சோறு யார் போடுவது அண்ணா.

பிசியோ, அழகாபுரம்:
தம்பி, அப்பாவுக்கு எரிந்தது தோலிலா, உள்ளேயா என்று கேளுங்கள். தோலில் என்றால் அங்கே செய்தது சரியான முறை இல்லை. ஏன் என்று சொல்கிறேன், கொஞ்சம் நீளமாகப் போகும்.

நீவுவதில் கை தோலின்மேல் வழுக்கிப் போக வேண்டும், எண்ணெய் அதற்குத்தான். அழுத்தம் கொடுப்பது இதயத்தை நோக்கிப் போகும்போது மட்டும், அதாவது விரலிலிருந்து தோளுக்கு, பாதத்திலிருந்து தொடைக்கு. திரும்பி வரும்போது கை சும்மா தொட்டுக்கொண்டு வந்தால் போதும். கை கால்களிலிருந்து இதயத்துக்கு ரத்தம் திரும்புகிற குழாய்களுக்குள் ஒரே பக்கமாகத் திறக்கிற வால்வுகள் உண்டு, அந்தத் திசையில் நீவினால் தேங்கிய ரத்தமும் நிணநீரும் மேலே நகரும். வீக்கம் இருந்தால் கையைத் தலையணைமேல் உயர்த்தி வைத்து, முதலில் மேல்கையை நீவிவிட்டு அப்புறம்தான் கீழே வர வேண்டும், மேலே வழி இல்லாமல் கீழேயிருந்து தள்ளி என்ன பயன்? நிணநீருக்கு மட்டும் என்றால் அழுத்தவே தேவையில்லை, தோல் லேசாக இழுபட்டால் போதும். டென்மார்க்காரர் எமில் வோடர் 1930-களில் உருவாக்கிய முறை அது, மார்பகப் புற்றுநோய் அறுவைக்குப் பிறகு கை வீங்குகிறவர்களுக்கு இன்றைக்கும் செய்கிறோம்.

நீவினால் தூக்கம் வருகிறதே, அதற்குக் காரணம் வேறு. முடி முளைக்கிற தோலில் மெதுவான தடவலுக்கென்றே தனி நரம்பிழைகள் இருக்கின்றன. விநாடிக்கு 1 முதல் 10 சென்டிமீட்டர் வேகத்தில் தடவினால்தான் அவை நன்றாக வேலை செய்யும், அதைவிட வேகமாகத் தேய்த்தால் அவ்வளவாகக் கண்டுகொள்ளாது. உங்கள் ஊர்ப் பெரியவரின் கை அந்த வேகத்தில்தான் போயிருக்கும், பழக்கத்தில் வந்தது. தொடுகிற உணர்வு தண்டுவடத்துக்குப் போனால் வலிச் செய்தி அங்கேயே கொஞ்சம் அடங்கும் என்று மெல்ஸாக், வால் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1965-ல் சொன்னார்கள், இடித்துக்கொண்ட முட்டியை உடனே தடவுகிறோமே, அதுதான். ஆகவே அப்பாவுக்குக் கிடைத்த சுகம் பொய்யில்லை. ஆனால் அவர் கோளாறு முழங்கைக்கு வெளியே ஒரு விரல் அகல இடத்தில், மணிக்கட்டை நிமிர்த்துகிற தசையின் தசைநாண் எலும்பில் ஒட்டுகிற இடத்தில் இருக்கிறது. டென்னிஸ் எல்போ என்பார்கள், டென்னிஸ் மட்டையைக் கண்ணால் பார்க்காதவர்களுக்குத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன். தோள் வரை நீளமாக நீவுகிற கை அந்த இடத்தில் எவ்வளவு நேரம் நிற்கும்?

தேய்ப்பது அதற்குத்தான். லண்டன் செயின்ட் தாமஸ் மருத்துவமனையில் இருந்த ஜேம்ஸ் சிரியாக்ஸ் என்ற மருத்துவர் இதை ஒழுங்குபடுத்தினார். எண்ணெய், பவுடர் எதுவும் கூடாது. விரலும் தோலும் சேர்ந்தே நகர வேண்டும், விரல் தோல்மேல் வழுக்கினால் கொப்புளம்தான் வரும், அப்பாவுக்கு நடந்தது அதுவாக இருக்கலாம். இன்னொன்று திசை. தறிக்காரர் வீட்டுப் பிள்ளைக்குச் சுலபமாகப் புரியும்: தசைநாணின் நார்கள் பாவு மாதிரி நீளவாக்கில் ஓடுகின்றன, விரல் ஊடை போகிற திசையில், அதாவது குறுக்கே, போக வேண்டும். நீளவாக்கில் தேய்த்தால் ரத்த ஓட்டத்தைத்தான் தொடுகிறோம், குறுக்கே தேய்த்தால்தான் நார்களுக்கு இடையே ஒட்டியிருப்பது அசையும் என்பது சிரியாக்ஸின் வாதம். முதலில் வலிக்கும், ஓரிரு நிமிடத்தில் அந்த இடம் மரத்துப்போக வேண்டும். போகவில்லை, வலி ஏறிக்கொண்டே போகிறது என்றால் இடம் தப்பு அல்லது அழுத்தம் அதிகம், நிறுத்திவிட வேண்டும். கத்தக் கத்தத் தேய்ப்பது வைத்தியம் இல்லை.

தறிக்காரர்மகன்:
சார், கேட்டேன். தோலில்தான் எரிந்ததாம். உள்ளே மரத்துப்போனதாக ஒன்றும் இல்லை என்கிறார்.

அடிவாரம்பேரன்:
பிசியோ சார் சொல்வது சரிதான், ஆனால் எல்லாம் லண்டனில் கண்டுபிடித்த மாதிரி சொல்ல வேண்டாம். என் தாத்தா ஏற்காடு அடிவாரத்தில் வைத்தியம் பார்த்தவர். சித்த மருத்துவத்தில் தொக்கணம் ஒன்பது வகை: தட்டல், இறுக்கல், பிடித்தல், முறுக்கல், கட்டல், அழுத்தல், இழுத்தல், மல்லாத்தல், அசைத்தல். வெறும் தடவல் என்று நினைக்காதீர்கள். மலைமேல் மூட்டை சுமந்து இறங்கி வருகிறவர்களுக்குத் தாத்தா முதலில் உடம்பு பூராவும் எண்ணெய் தடவி ஊறவிடுவார், வெந்நீர் ஒத்தடம் கொடுப்பார், கடைசியாகத்தான் கட்டைவிரல் வைப்பார். அந்த வரிசை முக்கியம். இப்போது பத்து நிமிடத்தில் முடித்து அனுப்புகிறார்கள், எந்தப் பக்கமாக இருந்தாலும் சரி.

பிசியோ, அழகாபுரம்:
வரிசை விஷயத்தில் உங்கள் தாத்தா பக்கம்தான் நான். சூடு, நீவல், அப்புறம் ஆழமான வேலை, கடைசியில் மறுபடியும் நீவல், எங்கள் பாடத்திலும் அதே வரிசைதான். எண்ணெய் ஊறிய தோலில் குறுக்குத் தேய்ப்பு மட்டும் நடக்காது, துடைத்துவிட்டுத்தான் தொடங்க வேண்டும்.

சேகோமில்:
சரி, இந்தக் குறுக்குத் தேய்ப்பால் குணமாகும் என்பதற்கு ஆதாரம் உண்டா? மருத்துவர் சொன்னார், தாத்தா சொன்னார் என்பதெல்லாம் ஆதாரம் இல்லை.

பிசியோ, அழகாபுரம்:
நியாயமான கேள்வி. மருத்துவச் சோதனைகளைத் திரட்டி எடைபோடுகிற காக்ரேன் அமைப்பு 2014-ல் வெளியிட்ட ஆய்வுத்தொகுப்பில் முழங்கை, முழங்கால் தசைநாண் வலிக்கு இந்தத் தேய்ப்பை வைத்துச் செய்த சோதனைகளைத் தேடினார்கள். தேறியவை இரண்டே இரண்டு, மொத்தம் 57 பேர். பயன் உண்டு என்றும் இல்லை என்றும் சொல்ல இது போதாது என்று முடித்தார்கள். அதனால்தான் நான் தேய்ப்பை மட்டும் நம்பி யாரையும் வரச் சொல்வதில்லை. தேய்ப்பதன் வேலை, அந்த இடத்தை மரக்கச் செய்து உடற்பயிற்சிக்கு வழி விடுவது. தசைநாணைப் பலப்படுத்துவது பயிற்சிதான். அப்பா மேசைமேல் முன்கையை வைத்து, உள்ளங்கை கீழே பார்க்க, அரை லிட்டர் தண்ணீர் பாட்டிலைப் பிடித்துக்கொள்ளட்டும், மணிக்கட்டை இடது கையால் தூக்கி விட்டு, வலது கையால் மெதுவாக, மிக மெதுவாக இறக்கட்டும். இறக்குவதுதான் மருந்து. லேசாக வலித்தால் பரவாயில்லை, மறுநாளும் வலி ஏறியிருந்தால் தண்ணீரைக் குறைக்க வேண்டும்.

மலையேறிசைக்கிள்:
இந்தப் பேச்சுக்கு நடுவில் என் சந்தேகத்தையும் போடுகிறேன். அடிவாரத்திலிருந்து ஏற்காட்டுக்குச் சைக்கிள் மிதிக்கிற கூட்டம் நாங்கள். 20 கொண்டை ஊசி வளைவும் ஏறி முடித்ததும் தொடையில் சேர்ந்த லாக்டிக் ஆசிட்டை உருவி வெளியேற்ற வேண்டும், இல்லாவிட்டால் மறுநாள் எழுந்திருக்க முடியாது என்று எங்கள் கோச் தரையில் படுக்கவைத்து முழங்கையால் தேய்ப்பார். வலியில் வளைவு ஏறியதே மேல் என்று தோன்றும். உண்மையிலேயே வெளியேறுகிறதா?

பிசியோ, அழகாபுரம்:
இல்லை. நீங்கள் லேக் பக்கம் உட்கார்ந்து டீயும் பஜ்ஜியும் முடிப்பதற்குள், மிஞ்சிப்போனால் ஒரு மணி நேரத்தில், உடம்பே அதை எரித்துவிடும். மறுநாள் வலிக்குக் காரணம் தசைநார்களில் விழுந்த நுண்ணிய சேதம், அதுவும் ஏறுவதைவிடக் காலால் இறங்கும்போது அதிகம். மலைப்பாதையில் நடந்து இறங்கியவர்களைக் கேளுங்கள், ஏறினவர்கள் இவ்வளவு முனகமாட்டார்கள். கனடாவில் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தில் 11 இளைஞர்களைச் சைக்கிளில் களைக்கக் களைக்க மிதிக்கவைத்து, ஒரு காலுக்கு மட்டும் 10 நிமிடம் மசாஜ் செய்து, இரண்டு காலிலும் தசைத் துணுக்கு எடுத்துப் பார்த்தார்கள். 2012-ல் வெளிவந்தது. லாக்டேட், அதாவது உங்கள் கோச் சொல்கிற லாக்டிக் ஆசிட், அளவில் வித்தியாசமே இல்லை. ஆனால் மசாஜ் செய்த காலில் அழற்சியைத் தூண்டுகிற சமிக்ஞைகள் குறைந்திருந்தன. ஆக மசாஜில் பலன் இருக்கிறது, உங்கள் கோச் சொல்கிற காரணம்தான் இல்லை. முழங்கையை வைக்க வேண்டாம் என்று சொல்லுங்கள், உள்ளங்கையால் நீவினாலே போதும்.

காபித்தோட்டம், ஏற்காடு:
எங்கள் ஊர்ப் பேச்சு வந்ததால் உள்ளே வருகிறேன். காபி பழம் பறிக்கிற பருவத்தில் சரிவில் கூடையோடு நிற்கிற பெண்களுக்கு இடுப்பும் முழங்காலும் விட்டுப்போகும். ராத்திரி ஒருத்திக்கு ஒருத்தி நீவி விட்டுக்கொள்வார்கள், லெமன் கிராஸ் தைலம், யூகலிப்டஸ் தைலம் எது இருக்கிறதோ அது. டவுன்காரர்கள் ஸ்பாவில் படுத்து ஸ்வீடிஷ் மசாஜ் என்று ஆயிரக்கணக்கில் கொடுத்துவிட்டுப் போகிறார்கள், என் அம்மா கை அதைவிட நன்றாகப் பேசும். என் கேள்வி: தைலம் உள்ளே இறங்கி வேலை செய்கிறதா, சும்மா வாசனைதானா?

பிசியோ, அழகாபுரம்:
அக்கா, முக்கால்வாசி வேலை கையுடையது. எண்ணெய் உராய்வைக் குறைக்கிறது. யூகலிப்டஸும் மென்தாலும் தோலில் குளிர்ச்சி, சூடு என்று ஓர் உணர்வைக் கிளப்பும், வலியிலிருந்து கவனம் அந்தப் பக்கம் போகும். கடைத் தைலங்கள் பலவற்றில் இருக்கிற வின்டர்கிரீன் எண்ணெய் வேறு ரகம், ஆஸ்பிரினுக்கு உறவுக்காரன், தோல் வழியாக உள்ளே போகவும் செய்யும். தைலத்தைத் தடவி அதன்மேல் சூடான ஒத்தடம் வைக்கக் கூடாது, தோல் வெந்துவிடும். ஸ்வீடிஷ் என்று பலகை மாட்டுகிறார்களே, சுவீடன்காரர் லிங் முக்கியமாகச் செய்தது உடற்பயிற்சி. நீவல், பிசைதல், தேய்த்தல், தட்டல் என்று பிரித்துப் பிரெஞ்சுப் பெயர் வைத்ததெல்லாம் ஆம்ஸ்டர்டாம் மருத்துவர் மெஸ்கர் என்பார்கள்.

சங்ககிரிலாரி:
சார், அவசரம். அண்ணன் லாரி ஓட்டுகிறார், நாக்பூர் லோடு இறக்கிவிட்டு நேற்றுத்தான் வந்தார். இடது கெண்டைக்கால் மட்டும் வீங்கி, தொட்டால் சூடாக இருக்கிறது, பாதத்தை மேலே மடக்கினால் வலிக்கிறது. உட்கார்ந்தே வந்ததால் பிடித்துக்கொண்டது என்று அண்ணி எண்ணெய் காய்ச்சிக்கொண்டு இருக்கிறார். எந்தப் பக்கமாக நீவ வேண்டும், மேலேயா கீழேயா?

பிசியோ, அழகாபுரம்:
எந்தப் பக்கமும் வேண்டாம். அந்தக் காலை யாரும் அமுக்கக் கூடாது. ஒரு கால் மட்டும், சூடு, வீக்கம், நீண்ட நேரம் அசையாமல் உட்கார்ந்த பயணம் என்றால் உள்ளே ஆழத்தில் ரத்தம் கட்டியிருக்கலாம். நீவினால் அந்தக் கட்டி கழன்று நுரையீரலுக்குப் போய் அடைக்கலாம், ஆளே போய்விடலாம். இப்போதே ஆஸ்பத்திரி கேஷுவாலிட்டிக்குக் கூட்டிப்போங்கள், நடக்கவிடாமல் வண்டியில். ரத்த ஓட்டத்தைப் பார்க்கிற டாப்ளர் ஸ்கேன் எடுக்கச் சொல்வார்கள். மூச்சு வாங்கினாலோ நெஞ்சு குத்தினாலோ 108 கூப்பிடுங்கள். எண்ணெயை இறக்கி வைக்கச் சொல்லுங்கள் முதலில்.

காபித்தோட்டம், ஏற்காடு:
ஐயோ, போங்கள் தம்பி சீக்கிரம். போய்விட்டு வந்து எழுதுங்கள்.

செவ்வாய்ப்பேட்டைஅம்மா:
இதைப் படிக்கவே பயமாக இருக்கிறது. குழந்தைக்கு மசாஜ் செய்யலாமா? கைக்குழந்தை, ராத்திரி முழுக்க வயிற்றை முறுக்கி அழுகிறான். மாமியார் உரம் விழுந்திருக்கிறது, ஆளைக் கூப்பிட்டு எடுக்க வேண்டும் என்கிறார். துணியில் போட்டு உருட்டுவார்களாம்.

பிசியோ, அழகாபுரம்:
துணியில் போட்டு உருட்டுவது, காலைப் பிடித்துத் தலைகீழாகத் தொங்கவிடுவது இரண்டும் வேண்டாம் அம்மா, தலையும் கழுத்தும் தாங்காது. மாமியாரோடு சண்டை போடாமல் வேறு வேலை கொடுங்கள்: தேங்காய் எண்ணெய் தொட்டு, தொப்புளைச் சுற்றிக் கடிகாரம் சுற்றுகிற திசையில் நீவச் சொல்லுங்கள், பெருங்குடல் போகிற வழி அதுதான். பால் குடித்த உடனே கூடாது. பூப்போல மிக லேசாகத் தொட்டால் குழந்தைக்குக் கூச்சம்தான் வரும், கொஞ்சம் அழுத்தம் வேண்டும். மயாமியில் டிஃபனி ஃபீல்ட் குழுவினர் குறைமாதக் குழந்தைகளைத் தினமும் நீவி, கை காலை மடக்கி நீட்டிவிட்டு, மற்றக் குழந்தைகளைவிட 47 சதவீதம் அதிகமாக எடை ஏறியதாக 1986-ல் எழுதினார்கள். பாட்டிமார் கால் நீட்டி உட்கார்ந்து செய்ததற்கு மரியாதை கொடுக்கிற ஆய்வு அது. ஆனால் மூக்கிலும் காதிலும் எண்ணெய் விடுகிற பாதியை மட்டும் விட்டுவிடுங்கள், மூக்கில் விட்டது நுரையீரலுக்குப் போனால் நிமோனியா. காய்ச்சலோ பச்சை வாந்தியோ இருந்தால் உரம் என்று உட்காராமல் டாக்டரிடம் ஓடுங்கள்.

அடிவாரம்பேரன்:
முழங்கையைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். பக்கத்துத் தெருவில் ஒரு பையன் கொய்யா மரத்திலிருந்து விழுந்து முழங்கை வீங்கியது. எங்கேயோ கட்டுப் போடுகிற ஆளிடம் காட்டி எண்ணெய் விட்டு அழுத்தி அழுத்தி நீவினார்கள். இப்போது கை பாதிதான் மடங்குகிறது, எக்ஸ்ரேயில் தசைக்குள் எலும்பு வளர்ந்திருக்கிறது என்கிறார்கள். தாத்தா முழங்கை அடிபட்டால் குழந்தைகளைத் தொடவே மாட்டார், பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிடுவார். ஏன் என்று அப்போது சொல்லவில்லை.

பிசியோ, அழகாபுரம்:
அவருக்குத் தெரிந்திருக்கிறது. மயோசைட்டிஸ் ஆசிஃபிகன்ஸ் என்று எலும்பு முறிவுப் பாடத்தில் வரும். அடிபட்ட முழங்கையின் முன்பக்கத் தசையில் ரத்தம் கசிந்திருக்கும்போது அழுத்தி நீவினால் அது எலும்பாக இறுகிவிடலாம். நம் நாட்டில் இதை நிறையப் பார்க்கிறோம், காரணம் இப்படி எண்ணெய் விட்டு அழுத்தி நீவுவதுதான். புதிதாக அடிபட்ட எந்த மூட்டிலும், முதலில் எலும்பு உடையவில்லை என்று தெரிய வேண்டும். கணுக்கால் பிசகினவர் நான்கு அடி எடுத்து வைக்க முடியவில்லை என்றால் எக்ஸ்ரே, அப்புறம்தான் நீவல்.

சங்ககிரிலாரி:
சார், ரத்தக்கட்டிதான். தொடை வரை இருக்கிறதாம். அட்மிட் செய்து ஊசி போட்டிருக்கிறார்கள், அப்புறம் மாதக்கணக்கில் மாத்திரை என்கிறார்கள். அண்ணி அழுதுகொண்டே இருக்கிறார், எண்ணெய் சூடு ஆறட்டும் என்று காத்திருந்தாராம்.

பிசியோ, அழகாபுரம்:
நல்ல நேரத்தில் போனீர்கள். ரத்தத்தை இளக்குகிற மாத்திரை சாப்பிடும்வரை ஆழமான தேய்ப்பு உடம்பில் எங்கேயும் கூடாது, உள்ளே ரத்தம் கசியும். மேலே சொன்ன வின்டர்கிரீன் தைலமும் அந்த மாத்திரையோடு ஒத்துப்போகாது, வீட்டில் இருந்தால் எடுத்து ஒளித்து வையுங்கள்.

கொலுசுப்பட்டறை, சிவதாபுரம்:
எனக்குக் கட்டைவிரல் அடியில், மணிக்கட்டு ஓரத்தில் வலி. நாள் பூராவும் குறடு பிடித்துக் கொலுசுக் கண்ணி கோக்கிற வேலை. குறுக்குத் தேய்ப்பு எனக்கு ஆகுமா?

பிசியோ, அழகாபுரம்:
கட்டைவிரலை உள்ளே வைத்து மூடி, கையைச் சுண்டுவிரல் பக்கம் சாய்த்துப் பாருங்கள். சுரீர் என்றால் அங்கே உறைக்குள் ஓடுகிற தசைநாண்களில் கோளாறு. உறை இருக்கிற தசைநாணை விறைப்பாக இழுத்து வைத்துக்கொண்டுதான் தேய்க்க வேண்டும், தளர்வாக விட்டால் உறையும் நாணும் சேர்ந்தே உருளும், பயன் இல்லை. தசையின் நடுவில் தேய்க்கிறபோது இதற்கு நேர்மாறு, தசை தளர்ந்திருக்க வேண்டும். உங்களுக்கு முதலில் கட்டைவிரலைத் தாங்குகிற பட்டை, கொஞ்ச நாள் ஓய்வு, அப்புறம் பார்க்கலாம். வீங்கிச் சூடாக இருக்கும்போது தேய்க்க வேண்டாம். சர்க்கரை இருந்தால் தோலை முதலில் பார்க்கச் சொல்லுங்கள்.

தறிக்காரர்மகன்:
எல்லோருக்கும் நன்றி. அப்பாவை வேறு ஒரு பிசியோவிடம் கூட்டிப்போனேன். எண்ணெய்ப் பிசுக்கைத் துடைத்துவிட்டு, தோலோடு சேர்த்து விரலை நகர்த்தினார், கொஞ்ச நேரத்தில் மரத்துப்போனது என்று அப்பாவே சொன்னார். பாட்டில் பயிற்சியும் செய்கிறார், முனகிக்கொண்டே. ஊர்ப் பெரியவரும் ராத்திரி வந்து நீவி விடுகிறார், அதை விடச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. வலி பாதிக்குமேல் குறைந்திருக்கிறது, ஆனால் சாயங்காலம் ஆனால் மறுபடி தலைதூக்குகிறது.

பிசியோ, அழகாபுரம்:
பெரியவர் நீவட்டும், அந்த எலும்பு முனையில் மட்டும் அழுத்த வேண்டாம் என்று சொல்லுங்கள். நாடாக் கயிற்றுக் கைப்பிடி எவ்வளவு தடிமன்? மெல்லிய பிடியை இறுக்கிப் பிடிக்கப் பிடிக்கத்தான் அந்தத் தசை இழுபடும். துணி சுற்றித் தடிமனாக்குங்கள், பிடி தளரும்.

கொலுசுப்பட்டறை, சிவதாபுரம்:
துணி வியர்வையில் வழுக்கும் தம்பி. பழைய சைக்கிள் ட்யூபை வெட்டிச் சுற்றுங்கள், என் குறட்டுக்கு அதைத்தான் சுற்றியிருக்கிறேன்.